பூட்டிய அறையும் காணி உறுதியும்

இற்றைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தேன். சார்லட் புறொன்ரி 1847 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ என்னும் நாவலே அன்றைய பாடம். பெற்றோரை இழந்த ஜேன், தோண்பீல்ட் என்னும் பெரிய மாளிகைக்கு ஆசிரியையாக வருகின்றாள். அம்மாளிகைக்குரிய றொச்செஸ்ரரைக் காதலிக்கின்றாள். தேவாலயத்தில் திருமணம் நிகழவிருக்கும் தறுவாயில், மணமகனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டென்பது வெளியாகின்றது. சித்தம் கலங்கிய அப்பெண், அதே மாளிகையின் மூன்றாம் மாடியில் ஆண்டுக்கணக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றாள்.

அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் நான் கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதினேன். ‘கொதிக் இலக்கியத்தின் பொது இயல்புகள்’ என்பது தலைப்பு. பாழடைந்த கோட்டை, இரகசிய வழி, புயல் இரவு, கண்டெடுத்த பழைய ஏடு, கொடியவனான பிரபு, துன்புறும் கன்னி, உயிர்பெறும் ஓவியம், மூதாதையர் செய்த பாவம், இரட்டை உரு, பூட்டிய அறை எனப் பத்து இயல்புகள். மாணாக்கர் கவனமாக எழுதிக்கொண்டனர். பரீட்சைக்கு மிகவும் உதவக்கூடிய பட்டியல் அது.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை.

“சேர், அந்த மனுசியின்ரை பக்கத்துக் கதையை ஆரும் கேக்கேல்லையோ?”

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றே நினைக்கின்றேன். “பிள்ளை, அது இந்த வகைக் கதைகளின் மரபு. பூட்டிய அறை என்றால் உள்ளே ஆராவது இருக்கத்தானே வேண்டும்” என்று கூறிப் பட்டியலின் பத்தாம் இலக்கத்தைச் சுட்டிக் காட்டினேன். அவள் அமர்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறொரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

‘மரபு’ என்பது ஆசிரியர்க்கு மிக வசதியான ஒரு சொல். கேள்வியை அது தீர்ப்பதில்லை; மூடி வைக்கின்றது. அன்று நான் செய்ததும் பூட்டுப் போடும் வேலைதான் என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன. ஓய்வுபெற்ற பின்னர், பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரமின்றி அந்நூல்களை மீண்டும் ஒருமுறை படித்தேன். நான் எழுதிய பத்து இயல்புகளும் தனித்தனியே நிற்பனவல்ல என்பது அப்போது புலனாயிற்று. அம்மாணவிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கு எழுதுகின்றேன்.

கனவில் வந்த கை

முதலிற் பெயரைப் பார்ப்போம். கி.பி. 410 இல் உரோமாபுரியைச் சூறையாடிய இனத்தாரின் பெயரே ‘கொத்’ என்பது. கூரிய வளைவுகளும் வானளாவிய கோபுரங்களும் கொண்ட இடைக்காலக் கட்டடங்களை இகழும் பொருட்டு, மறுமலர்ச்சிக் கால இத்தாலிய அறிஞர் அப்பெயரை அவற்றுக்குச் சூட்டினர். அநாகரிகர் கட்டியவை என்பது கருத்து. அறிவையும் ஒழுங்கையும் போற்றிய பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் அச்சொல்லில் இந்த இகழ்ச்சி ஒட்டியிருந்தது. அதனை விரும்பி எடுத்துத் தமது கதைக்கு அடைமொழியாக்கியவர் ஹொறேஸ் வல்போல்.

இங்கிலாந்தின் முதலாவது பிரதம மந்திரி எனக் கருதப்படும் சேர் றொபேட் வல்போலின் மைந்தர் இவர். இலண்டனுக்கு அண்மையிலுள்ள ருவிக்கனத்தில் 1747 ஆம் ஆண்டில் ஒரு மனையைப் பெற்று, அதனைச் சிறுகச் சிறுக இடைக்காலக் கோட்டை போல மாற்றியமைத்தார். ‘ஸ்ரோபெறி ஹில்’ என்னும் அம்மனை இன்றும் உள்ளது. 1764 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் ஒரு கனாக் கண்டார். பழைய கோட்டையொன்றின் பெரிய படிக்கட்டின் உச்சியில், கைப்பிடிச் சுவரின்மீது, இரும்புக் கவசம் பூண்ட பேருருவக் கையொன்று கிடந்தது. அன்று மாலையே எழுத அமர்ந்தார். இரண்டு மாதத்துக்குள் நாவல் முடிந்தது. ‘ஒற்றான்ரோக் கோட்டை’ அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்தது.

முதற் பதிப்பில் அவர் பெயர் இல்லை. வட இங்கிலாந்தின் பழைய கத்தோலிக்கக் குடும்பமொன்றின் நூலகத்திற் கிடைத்த, 1529 இல் நேப்பிள்சில் அச்சிடப்பட்ட இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பே இது என முன்னுரை கூறிற்று. அது கட்டுக்கதை. 1765 இல் வந்த இரண்டாம் பதிப்பில் வல்போல் உண்மையை ஒப்புக்கொண்டார். ‘ஒரு கொதிக் கதை’ என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். ‘கண்டெடுத்த ஏடு’ என்னும் உத்தி இவ்வாறு முதற்கதையுடனேயே பிறந்துவிட்டது.

கதை இது. ஒற்றான்ரோவின் அதிபதி மன்பிறெட். அவன் மகன் கொன்றாட்டுக்குத் திருமண நாள். எங்கிருந்தோ விழுந்த பேருருவத் தலைக்கவசமொன்று மகனை நசுக்கிக் கொல்கின்றது. குலம் அற்றுவிடுமோ என அஞ்சிய மன்பிறெட், தன் மனைவியைத் தள்ளிவிட்டு, மகனுக்கு நிச்சயித்த இசபெல்லாவைத் தானே மணக்க முற்படுகின்றான். அவள் நிலவறை வழியே ஓடுகின்றாள். பாட்டனின் ஓவியம் சட்டத்திலிருந்து இறங்கி நடக்கின்றது. இறுதியிற் கோட்டையே இடிந்து விழுகின்றது.

தலைக்கவசத்தையும் ஓவியத்தையும் சற்றே ஒதுக்கி வைத்து, இவற்றுக்கெல்லாம் காரணம் என்ன என்று பார்த்தால் எஞ்சுவது ஓர் ஆதன வழக்கு. மன்பிறெட்டின் பாட்டன், தன் எசமானாகிய அல்போன்சோவுக்கு நஞ்சூட்டிக் கொன்று, பொய்யான மரணசாதனம் ஒன்றைக் காட்டிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டவன். நம்மூர் வழக்கிற் சொன்னால் ‘கள்ள உறுதி’ முடித்தவன். பேருருவாய் வரும் ஆவி, கொலையுண்ட அல்போன்சோ. தன் காணியை உரியவனுக்குக் கொடுக்கவே அது வருகின்றது. கொதிக் இலக்கியத்தின் முதற்பேயே முதுசொம் கேட்டு வந்த பேய்தான்.

இடிபாடு எங்கிருந்து வந்தது?

பாழடைந்த மடாலயம் இவ்வகைக் கதைகளுக்கு இன்றியமையாத இடம். அழகுக்காகவும் அச்சத்துக்காகவும் கதாசிரியர் அதனைத் தேர்ந்தனர் என்றே நான் கற்பித்து வந்தேன். அவ்விடிபாடுகள் இங்கிலாந்தில் எவ்வாறு உண்டாயின என்று கேட்க மறந்துவிட்டேன்.

எட்டாம் ஹென்றி மன்னன் 1536 க்கும் 1540 க்கும் இடையில் நாட்டிலிருந்த மடங்களைக் கலைத்து, அவற்றின் நிலங்களை முடிக்குரியனவாக்கினான். துறவிகள் வெளியேற்றப்பட்டனர். கூரையின் ஈயத் தகடுகள் கழற்றப்பட்டன. நிலங்கள் பிரபுக்களுக்கும் செல்வந்தர்க்கும் கைமாறின. கவிஞர் பைரனின் குடும்பம் நியூஸ்ரெட் மடத்தைப் பெற்றதும் 1540 இல் இவ்வழியிலேதான். ஆங்கிலப் பிரபுக்களின் வீட்டுப் பெயர்கள் பலவற்றில் ‘மடம்’ என்று பொருள்படும் ‘அபி’ என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணமும் இதுவே. நிலா வெளிச்சத்தில் நிற்கும் இடிந்த வளைவு வெறும் காட்சியழகன்று. பறிக்கப்பட்ட ஓர் ஆதனத்தின் எச்சமாகும். அங்கே துறவியின் ஆவி உலாவுவதாகக் கதை கட்டிய மக்கள், வரலாற்றையே தம் மொழியிற் சொன்னார்கள்.

கையொப்பம் கேட்ட கொடியவன்

வல்போலின் நாவல் வெளிவந்த அதே 1764 இற் பிறந்தவர் அன் றட்கிளிவ் அம்மையார். கொதிக் நாவலை நாடெங்கும் படிக்கச் செய்தவர் இவரே. 1794 இல் வெளிவந்த ‘உடொல்போவின் மர்மங்கள்’ என்னும் நாவலுக்கு அவர் பெற்ற 500 பவுண், அக்கால நாவலாசிரியர் எவரும் எளிதிற் கனவு காணாத தொகை. அப்பினைன் மலைகளிற் கதையை நிகழ்த்திய அவர் இத்தாலிக்குப் போனவரல்லர். ஓவியங்களும் பயண நூல்களுமே அவர் கண்ட இத்தாலி.

இவர் பேய்களை நம்பவில்லை. அச்சுறுத்தும் ஒலி, நடமாடும் ஒளி யாவற்றுக்கும் கதைமுடிவில் இயற்கையான விளக்கம் தருவார். உடொல்போக் கோட்டையிலே கரிய திரையொன்று தொங்குகின்றது. கதாநாயகி எமிலி அதனை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகின்றாள். அவள் கண்டது என்னவென்று கதையின் முடிவு நெருங்கும்வரை ஆசிரியர் சொல்லார். அழுகிய பிணம்போற் செய்த மெழுகுருவமே அது எனப் பின்னர் அறிகின்றோம். எதிர்பார்ப்பினால் எழும் அச்சம் வேறு; கொடியதைக் கண்முன் கண்டு உறையும் திடுக்கம் வேறு; முன்னது உள்ளத்தை விரிக்கும், பின்னது சுருக்கும் என அவர் வகுத்த வேறுபாடு, அவர் மறைவுக்குப்பின் 1826 இல் கட்டுரையாக வெளிவந்தது. பேய்க்கதை எழுதுவோர் இன்றும் அறிந்திருக்க வேண்டிய இலக்கணம் அது.

ஆனால் எல்லாப் பேய்களும் விளக்கப்பட்டு மறைந்த பின்னரும் அந்நாவலில் ஒரு பயம் மறையாமல் நிற்கின்றது. அது மொன்ரோனி. கோட்டைக்குரிய இவன் எமிலியின் அத்தையை மணக்கின்றான். அவளுடைய நிலங்களைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி வற்புறுத்துகின்றான். அவள் மறுக்கின்றாள், கோபுரத்தில் அடைக்கப்படுகின்றாள், நோயுற்று இறக்கின்றாள். அடுத்து எமிலியிடம் அதே பத்திரத்தை நீட்டுகின்றான். நாவலின் மிகப் பயங்கரமான பொருள் கரிய திரையன்று. கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் அந்தக் கடதாசியே.

அக்காலத்துப் பெண் வாசகர் இதனை இத்தாலியக் கற்பனையாகவா படித்திருப்பர்? பிளாக்ஸ்ரோன் என்னும் சட்ட அறிஞரின் ஆங்கிலச் சட்ட விளக்கவுரையின் முதற்பாகம் 1765 இல் வெளிவந்தது. மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதற்குள் அடங்கிவிடுகின்றது என்ற கோட்பாட்டை அந்நூல் தெளிவாக எடுத்துரைத்தது. மனைவியின் ஆதனம் மனைவிக்கே உரியது என்ற நிலை 1870, 1882 ஆம் ஆண்டுகளின் சட்டங்களினாலேயே அங்கு உருவாயிற்று. மேரி வுல்ஸ்ரன்கிறாப்ற் அம்மையார் இதனை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவர் மறைந்தபின் 1798 இல் வெளிவந்த, முற்றுப்பெறாத ‘மரியா’ நாவலில், கதாநாயகியைக் கணவனே பித்தர் விடுதியில் அடைத்துவைக்கின்றான். அப்பெண்ணைச் சிறைப்படுத்த இத்தாலிய மலையும் கோட்டையும் தேவைப்படவில்லை. இங்கிலாந்துச் சட்டமே போதுமாயிருந்தது.

கரும்பினால் எழுந்த கோபுரம்

கதைகளை விட்டுக் கதாசிரியரின் வாழ்வுக்குச் செல்வோம். ‘வதெக்’ என்னும் கீழைத்தேயப் பேய்க்கதை 1786 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனை எழுதிய வில்லியம் பெக்போட், பத்து வயதளவிலேயே பெருஞ்செல்வத்துக்கு உரியவரானார். அச்செல்வம் ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கரின் உழைப்பினால் வந்தது. அதனைக்கொண்டு பொன்ற்ஹில் என்னுமிடத்திலே, கதைகளில் வருவது போன்றதொரு மாபெரும் ‘மடாலய’த்தை அவர் எழுப்பினார். தோட்ட வருவாய் குன்றக் கடன் மிகுந்தது. 1822 இல் விற்றுவிட்டார். 1825 இல் அதன் கோபுரம் இடிந்து விழுந்தது. ஒற்றான்ரோவின் முடிவை மெய்யாகவே நிகழ்த்திக் காட்டியது போலிருந்தது.

இருபது வயதளவில் ‘துறவி’ என்னும் நாவலை எழுதி 1796 இல் வெளியிட்ட மத்தியூ லூயிஸ் மற்றொருவர். றட்கிளிவ் தவிர்த்த திடுக்கத்தை இவர் தாராளமாகக் கையாண்டார். தந்தை இறந்த 1812 இல் இவருக்கும் ஜமெய்க்காத் தோட்டங்களும் அங்கிருந்த அடிமைகளும் முதுசொமாகக் கிடைத்தன. நேரிற் சென்று பார்த்தார், தண்டனைகளைக் குறைத்தார், ஆனால் அவர்களை விடுதலை செய்யவில்லை. இரண்டாம் முறை போய்த் திரும்புகையில், 1818 இல், காய்ச்சல் கண்டு கடலிலேயே மாண்டார்.

இடையில் 1816 ஓகஸ்டில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள டியோடாற்றி மாளிகைக்கு லூயிஸ் சென்றிருந்தார். அங்கு தங்கியிருந்த பைரனுக்கும், அயலில் வாழ்ந்த கவிஞர் ஷெல்லிக்கும் பேய்க்கதைகள் சொன்னார். அங்கேயே தமது மரணசாதனத்துக்கு ஓர் இணைப்பும் எழுதினார். தம் தோட்டங்களுக்கு உரியராவோர் இடையிடையே ஜமெய்க்காவுக்குச் சென்று அடிமைகளின் நிலையை நேரிற் காணவேண்டும் என்பது அதன் சாரம். சாட்சிக் கையொப்பமிட்டோர் பைரன், ஷெல்லி, வைத்தியர் பொலிடோரி ஆகிய மூவர். இரவிலே பேய்க்கதை, பகலிலே மனிதரை உடைமையாகக் கொண்ட மரணசாதனம். இரண்டும் ஒரே மாளிகையில் நிகழ்ந்தன என்பது என் உள்ளத்தை விட்டு அகலாத செய்தி.

சலவைக் கணக்கு

இம்மரபைப் பார்த்து நன்றாகச் சிரித்தவர் ஜேன் ஒஸ்ரின். அவர் மறைந்த பின்னர், 1817 இறுதியில், 1818 என ஆண்டு குறிக்கப்பட்டு வெளிவந்த ‘நோதாங்கர் அபி’யின் நாயகி கதரின், உடொல்போவைப் படித்து மயங்கிய பதினேழு வயதுப் பெண். பழைய மடமாயிருந்த வீட்டில் விருந்தாளியாகத் தங்குகின்றாள். புயல் இரவில், அறையிலிருந்த அலுமாரியில் ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுத்து நடுங்குகின்றாள். விடிந்து பார்த்தால் அது சலவைக் கணக்கு! வீட்டுத் தலைவரான தளபதி ரில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்றும் ஐயுற்று, பின் வெட்கித் தலைகுனிகின்றாள்.

இந்த இடத்தோடு பாடத்தை முடித்துவிடுவது என் வழக்கம். கதை அங்கு முடியவில்லை. கதரின் பெருஞ் சீதனத்தோடு வருவாள் என்று எண்ணியே தளபதி அவளை அழைத்திருந்தார். அவ்வளவு பணம் இல்லை என்றறிந்ததும் ஒரே இரவில் வெளியேற்றுகின்றார். அச்சிறுபெண் துணையின்றி எழுபது மைல் பயணம் செய்கின்றாள். தளபதி கொலைகாரரல்லர், ஆயினும் தான் அவரைப் பெரிதாகத் தவறாக மதிப்பிட்டுவிடவில்லை என்று அவள் முடிவு செய்கின்றாள். ஒஸ்ரின் சிரித்தது பேயைப் பார்த்து, பணத்தாசையைப் பார்த்தல்ல.

பேச வந்த பூதம்

1815 ஏப்ரிலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானை மறைத்தமையால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடைகாலமே இல்லாதது போலாயிற்று. டியோடாற்றி மாளிகையில், மழைக்கு அஞ்சி உள்ளே அடைபட்டோர் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதவேண்டும் என்றார் பைரன். அப்போது பதினெட்டு வயதே நிரம்பியிருந்த மேரியின் உள்ளத்தில் எழுந்ததே ‘பிராங்கன்ஸ்ரைன்’. பின்னர் ஷெல்லியை மணந்த இவர், முன்னர்க் குறித்த வுல்ஸ்ரன்கிறாப்ற் அம்மையாரின் மகள். 1818 சனவரியில் ஆசிரியர் பெயரின்றி அந்நாவல் வெளிவந்தது.

அதிலே கோட்டை ஆய்வுகூடமாயிற்று. பிணங்களின் உறுப்புக்களைச் சேர்த்து உயிரூட்டிய விஞ்ஞானி, அவ்வுயிர் கண்விழித்ததும் அருவருத்து ஓடிவிடுகின்றான். அந்த உயிருக்குப் பெயரில்லை, வீடில்லை, முதுசொம் இல்லை. ஒரு குடிசையின் அருகே கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவரின் வெடிப்பு வழியாக அங்கு வாழும் குடும்பத்தைப் பார்க்கின்றது. அவர்கள் படிப்பதைக் கேட்டு மொழி கற்கின்றது. செல்வம் சிலர்க்கும் வறுமை பலர்க்குமாய் உலகு பிரிந்து கிடப்பதை அறிகின்றது. இவற்றில் எதுவும் தனக்கில்லை என்றும் உணர்கின்றது. மற்றைக் கதைகளிற் பூட்டிய அறைக்குள் ஒருவர் இருப்பார். இங்கோ பூட்டிய வீட்டுக்கு வெளியே ஒருவர் நிற்கின்றார்.

நான் பல முறை படித்தும் கவனியாத ஒன்று உண்டு. நாவலின் நடுப்பகுதியில் அந்தப் பூதம் தன்னைப் படைத்தவனைப் பனிமலையிற் சந்தித்து, ‘என் கதையைக் கேள்’ என வேண்டுகின்றது. பின்வரும் அத்தியாயங்கள் அதன் வாய்மொழியாகவே அமைகின்றன. அது செய்த கொலைகளை ஆசிரியர் மறைக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. ஆயினும் அதன் பக்கத்துக் கதையை நாம் முழுவதும் கேட்டே ஆகவேண்டும் என்று வைத்திருக்கின்றார். என் வகுப்பின் பின்வரிசையிலிருந்து எழுந்த கேள்வியை அவர் 1818 இலேயே கேட்டுவிட்டார்.

முன்கதவும் பின்கதவும்

எல்லாப் பேய்க்கதைகளையும் ஆதனத் தகராறாகக் குறுக்கிவிடுதல் தகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதிர முதிரப் பேய் மனித உள்ளத்துக்குட் குடிபுகுந்தது. அமெரிக்கரான எட்கர் அலன் போ 1839 இல் எழுதிய ‘அஷர் வீட்டின் வீழ்ச்சி’யில், வீடு என்பது கட்டடமும் வமிசமும் ஆகும். தமிழிற் ‘குடி’ என்ற சொல் இரண்டையும் குறிப்பது போன்றதே இது. கடைசி வாரிசுகள் இருவரும் மாள, சுவரின் மெல்லிய வெடிப்பு அகன்று, வீடு குளத்துள் வீழ்கின்றது. அங்கே பறித்தவனும் இல்லை, பறிகொடுத்தவனும் இல்லை. உளநோயும் தனிமையுமே உள்ளன.

ஆயினும் உறுதிப் பத்திரம் முற்றாக மறைந்துவிடவில்லை. 1886 இல் வெளிவந்த ஸ்ரீவன்சனின் ‘ஜெக்கிலும் ஹைட்டும்’ கதையிலே, கண்ணியமான வைத்தியர் ஜெக்கிலின் வீட்டு முன்கதவு செல்வப் பொலிவுடையது. சந்துப் பக்கமாகக் கொடியவன் ஹைட் நுழையும் கதவு, நிறம் வெடித்து மணியின்றிக் கிடப்பது. இரண்டும் ஒரே மனைக்குரியவை என்பது பின்னரே தெரிகின்றது. மர்மம் முதலில் வெளிப்படுவது ஒரு மரணசாதனத்தில். தாம் மறைந்தால் யாவும் ஹைட்டுக்கே சேரவேண்டும் என ஜெக்கில் எழுதிவைத்ததைக் கண்டு சட்டத்தரணி திகைக்கின்றார். 1897 இல் பிறாம் ஸ்ரோக்கர் எழுதிய ‘டிறாகுலா’வில், இளம் சட்ட அலுவலர் ஜொனதன் ஹாக்கர் திரான்சில்வேனியாவுக்குப் போவது எதற்காக? இலண்டனுக்கு அண்மையில் ஒரு பழைய வீட்டைக் கோமகனுக்கு வாங்கிக் கொடுக்கும் அலுவலுக்காக. பிறர் நாடுகளிற் புகுந்து உரிமைகொண்டாடிய ஒரு பேரரசு, தன் வீட்டுக்குள்ளும் அந்நியன் ஒருவன் உறுதி முடித்து வந்துவிடுவானோ என அஞ்சிய அச்சம் அது. அந்நாவல் முழுவதும் நாட்குறிப்புக்களாலும் கடிதங்களாலும் ஆனது. பலர் எழுதுகின்றனர். கோமகனுக்கு மட்டும் தன் கதையை எழுத இடமில்லை.

மூன்றாம் மாடி

இனி, தோண்பீல்ட் மாளிகைக்கு மீளுவோம். மூன்றாம் மாடியிலிருந்தவள் பெயர் பேர்த்தா மேசன். ஜமெய்க்காவைச் சேர்ந்தவள். றொச்செஸ்ரரின் தந்தை, குடும்ப நிலம் பிளவுபடாதிருக்க மூத்த மகனுக்கே யாவற்றையும் கொடுத்து, இளைய மகனுக்குச் சீதனத்தோடு ஒரு பெண்ணைத் தேடினார். பேர்த்தாவின் சீதனம் 30,000 பவுண். அக்காலத்து ஜமெய்க்காத் தோட்டச் செல்வம் எவ்வழி வந்தது என்பதைப் பெக்போட்டின் கோபுரத்தடியில் முன்னரே பார்த்துவிட்டோம். பேர்த்தாவின் வரலாற்றை நமக்குச் சொல்பவர் றொச்செஸ்ரர். அவள் தன் வரலாற்றைத் தன் வாயாற் சொல்லும் ஒரு பக்கமேனும் அந்நாவலில் இல்லை. சிரிக்கின்றாள், உறுமுகின்றாள், மணமகளின் முகத்திரையைக் கிழிக்கின்றாள், கடைசியில் வீட்டுக்குத் தீ வைத்துக் கூரையிலிருந்து விழுந்து இறக்கின்றாள்.

புறொன்ரி அம்மையாரைப் பழிப்பது என் நோக்கமன்று. ஏழையும் அநாதையுமான ஒரு பெண்ணுக்கு அவர் அளித்த குரல் ஆங்கில நாவலிலே அதற்குமுன் அவ்வளவு உறுதியாக ஒலித்ததில்லை. 20,000 பவுண் முதுசொமாகக் கிடைத்தபோது அதனை உறவினரோடு நான்காகப் பங்கிட்டவளும் அதே ஜேன்தான். ஆயினும், ஜேனின் குரல் வீட்டை நிரப்பியபோது மேல்மாடியிலிருந்து வேறு குரல் கேட்காமற் போயிற்று.

அதனைக் கேட்டவர் ஜீன் றீஸ். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொமினிக்காவில் 1890 இற் பிறந்து, பதினாறு வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். 1966 இல் வெளிவந்த ‘பரந்த சர்காசோக் கடல்’ என்னும் நாவலில், அம்மாடிப் பெண்ணுக்கு அன்ரொனெற் என்ற பெயரையும் ஒரு குழந்தைப் பருவத்தையும் கொடுத்தார். பேர்த்தா என்பது கணவன் அவள்மேற் சுமத்திய பெயராகின்றது. மணத்தோடு அவளுடைய பணம் யாவும் அவனுடையதாகிவிடுகின்றது.

றீஸ் தம் நாயகியைக் குற்றமற்ற தெய்வமாக்கவில்லை என்பதே அந்நாவலின் நேர்மை. அன்ரொனெற் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தின் மகள். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியது. அப்போது 20,000,000 பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. அது அடிமைகளுக்கு அன்று, அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தோருக்கு. விடுதலை பெற்றோரின் சினம் அன்ரொனெற்றின் குழந்தைப் பருவ வீட்டையும் எரிக்கின்றது. பூட்டிய ஓர் அறையைத் திறந்தால் உள்ளே இருப்பவளின் கையிலும் வேறோர் அறையின் திறப்பு இருக்கின்றது.

கொதிக் இலக்கியம் இறவாதிருப்பதன் காரணம் இதுவென்றே நான் கருதுகின்றேன். பேயில் நம்பிக்கை தேய்ந்தபின்பும் அது வாழ்கின்றது. ஒருவன் சுகமாகத் துயிலும் வீட்டுக்கு இன்னொருவர் கொடுத்த விலை என்ன என்ற கேள்வி தேயவில்லை. மூதாதையர் பாவம், நடமாடும் ஓவியம், இரகசிய வழி, கண்டெடுத்த ஏடு யாவும் அக்கேள்வி வந்துசேரும் வழிகளே. நான் அவற்றை மாணாக்கருக்கு எண்ணிக் கொடுத்தேன். எதற்காக என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்று அதே பாடத்தை நடத்தும் வாய்ப்புக் கிட்டுமாயின் கரும்பலகைப் பட்டியலை அழிக்கமாட்டேன். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே இரண்டு கேள்விகளை எழுதச் சொல்வேன்: வீடு யாருடையது? கதையைச் சொல்பவர் யார்? எழுதி முடித்ததும், அந்தப் பின்வரிசை மாணவியை மீண்டும் எழுந்து நிற்கச் சொல்லி, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, அவளுடைய கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொல்வேன்.